பதிமூணாம் ஸ்தலத்துக்கு மடி குடுத்த பெரியம்மா

'கொய்ங்ங்…'

பேட்டரி மைக்கை ஆன் பண்ணினதும் காதைக் கிழிக்கும் அந்தச் சத்தம். தவக்கால வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாராவியில எங்க கல்லிக்குள்ள, அதான் எங்க சந்துக்குள்ள, அது கேட்டுட்டா போதும், கொதிக்கிற கஞ்சிய அப்படியே இறக்கி வச்சுட்டு வாசலுக்கு ஓடுவோம். சிலுவைப்பாதை வருது!

எங்க பக்கம் சிலுவைப்பாதை கோயிலுக்குள்ள கிடையாது. ஏசு பாடுபட்ட பதினாலு ஸ்தலமும் பதினாலு வீட்டு வாசல்ல. ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு, மெழுகுதிரி கொளுத்தி வைப்பாங்க. எந்த வீட்டுக்கு எந்த ஸ்தலம்ங்கறது வருஷா வருஷம் மாறாது. எங்க வீட்டுக்கு ஆறு.

மரியபுஷ்பம் பெரியம்மா வீட்டுக்குப் பதிமூணு… செத்த ஏசுவைச் சிலுவையில இருந்து இறக்கி மாதா மடியில கிடத்துற ஸ்தலம்.

சொந்தப் பெரியம்மா இல்ல, கல்லிக்கே பெரியம்மா. வாய் ரொம்ப ஜாஸ்தி. சிலுவை தூக்குறவங்க கொஞ்சம் சாய்ச்சுட்டா, "எலேய், நேராப் புடிங்கல, அது என்ன ஏணியா?"ன்னு ஜெபத்துக்கு நடுவுலயே சத்தம் போடுவாங்க. சாமியாரே சிரிச்சுருவார்.

ஒரே மகன், அருள். வெல்டர். கல்ஃபுக்குப் போனான்.

போன இடத்துல சண்டை மூண்டுச்சு. அவன் தங்கியிருந்த கேம்ப் மேல குண்டு விழுந்துச்சு. எஸ்டிடி பூத்துக்குப் போன் வந்து, பூத்துக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னார்.

உடம்பு வரவே இல்ல…

கம்பெனிக்காரன், "அவன் எங்க ஆள் இல்ல, ஏஜென்ட் அனுப்பின ஆள்"ன்னுட்டான். ஏஜென்ட் ஆபீசுக்குப் பூட்டு. எந்த ஆபீசுக்குப் போனாலும் "கல் ஆனா, அம்மா." நாளைக்கு வா, நாளைக்கு வா. குண்டு போட்டவனும் கேக்கல, வேலைக்குக் கூட்டிட்டுப் போனவனும் கேக்கல. ஏழை வீட்டுப் பிள்ளைன்னா அவ்வளவுதான் போல.

அடுத்து வந்த தவக்காலம்.

நான் அப்போதான் மாட்டுங்கால ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா சேர்ந்திருந்தேன். எங்க செட்டுல தமிழ் தடங்கல் இல்லாம வாசிக்கிறது நான் ஒருத்திதான், அதனால மைக் என் கையில. பன்னிரண்டு முடிஞ்சு பதிமூணுக்கு வந்தா… ஸ்டூல் இல்ல. மெழுகுதிரி இல்ல. கதவு சாத்தியிருந்துச்சு.

"பக்கத்து வீட்டு வாசல்ல வச்சு முடிச்சுருவோமா?"ன்னு யாரோ மெதுவாக் கேட்டாங்க.

அப்போ கதவு திறந்துச்சு. பெரியம்மா வந்து வாசப்படியில காலை நீட்டி உக்காந்தாங்க. முந்தானைய மடியில விரிச்சாங்க.

"சிலுவைய எம் மடியில வைங்கல."

எல்லாரும் சாமியாரைப் பாத்தாங்க. அவர் தலையாட்டினார். நாலு பேரு அந்த மரத்தைக் குறுக்காப் பிடிச்சு மெல்ல இறக்கி வச்சாங்க. பெரியம்மா அதைத் தடவிக் குடுத்தாங்க.

"இவரை இறக்கித் தர ஆள் இருந்துச்சு. அவங்காத்தா கண்ணால பாத்தா. எம் பிள்ளைய எந்த மண்ணுல போட்டானுவளோ…"

நான் வாசிக்க வேண்டியது பகைவரை மன்னிக்கிற ஜெபம். முதல் வரிதான் வாசிச்சேன்.

"அது மட்டும் வேண்டாம் சாமி," பெரியம்மா சாமியாரைப் பாத்துச் சொன்னாங்க. "அதுக்கு ஆமென் சொல்ல என்னால ஆவாது."

சாமியார் என் கையில இருந்த புத்தகத்தை வாங்கி மூடிட்டார். மைக் மட்டும் இரைஞ்சுட்டு இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தாரை தாரையாத் தண்ணி.

கடவுள் மேல எனக்கு முதல் தடவையாக் கோவம் வந்தது அன்னைக்குத்தான். அந்தக் கோவத்தோடயே அவர் முன்னாடி முட்டி போட்டேன். வேற எங்க போறது, சொல்லுங்க?

அதுல இருந்து வருஷா வருஷம் பதிமூணாம் ஸ்தலத்துக்குச் சிலுவை பெரியம்மா மடியிலதான். கடைசி வரைக்கும் அந்த ஜெபத்துக்கு அவங்க வாய் திறக்கல. ஆனா சிலுவைய ஒரு வருஷமும் வேண்டாம்னு சொன்னதில்ல.

போன வருஷம் மழைக்காலத்துல பெரியம்மா போய்ச் சேந்துட்டாங்க.

நான் இப்போ டோம்பிவிலியில. டிவியில திரும்பவும் சண்டை. ஏவுகணை பேர் சொல்றான், எவ்வளவு தூரம் போகும்னு படம் போட்டுக் காட்டுறான்… செத்தது யார் வீட்டுப் பிள்ளைன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்.

என் மகனும் இப்போ கல்ஃபுலதான்.

போன வெள்ளிக்கிழமை லோக்கல் ரயில் பிடிச்சு சயான்ல இறங்கி, பழைய கல்லிக்குப் போனேன். பாதி வீடு பூட்டிக் கிடக்கு. மைக் இப்போ ப்ளூடூத், கொய்ங் சத்தமே இல்ல. பதிமூணாம் ஸ்தலத்துல, பெரியம்மா இல்லாத அந்தப் படிக்கு முன்னாடி, சிலுவையோட நின்னுட்டாங்க. பழைய பொம்பளைங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"நீ உக்காரேன் மேரி…"

கால் வரல மக்களே. அந்தப் படியில உக்காந்தா ஏதாவது ஆயிருமோன்னு ஒரு பயம். ரெண்டடி பின்னால போயிட்டேன். பிள்ளையப் பெத்த ஒருத்திகூட உக்காரல. கடைசியில ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டாந்து அதுல சிலுவைய வச்சாங்க.

ஸ்டேஷனுக்கு வர்ற வழியில மகனுக்குப் போன் போட்டேன். ரிங் போகுது… போகுது…

"என்னம்மா, டியூட்டி நேரத்துல?"

"ஒண்ணுமில்லலே. சாப்பிட்டியா?"

பெரியம்மாவும் அருள்கிட்ட இதைத்தான் கேப்பாங்க, அந்தப் பூத்துல நின்னு.