தம்பியை அளந்த சனிக்கிழமை

தம்பிக்குப் பெண் பார்த்தது கொல்லங்கோட்டுப் பக்கம். நாங்கள் பாலக்காட்டு எல்லையில், மீனாட்சிபுரத்தை ஒட்டி இருந்தோம். சொசைட்டிக்குப் பால் ஊற்ற ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி மெதுவானவன். பேச்சு வந்ததே தாமதம். இரண்டாம் வகுப்பிலேயே சில வருஷம் இருந்துவிட்டு நின்றுவிட்டான். நான் நாலாவது வரை போனேன். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை சரியா என்று அவனுக்குப் பார்க்கத் தெரியாது. எருமை கறப்பதிலும் வரப்பு வெட்டுவதிலும் ஒரு குறையும் இல்லை. ஒன்று கேட்டால் கொஞ்சம் கழித்துத்தான் பதில் வரும். வீட்டில் எல்லோரும் காத்திருக்கப் பழகியிருந்தோம்.

பெண்ணின் அப்பா வந்து பார்த்தார். பிடித்துப்போனது. அப்புறம் யாரோ அவரிடம் மாப்பிள்ளை மந்தம் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் வந்தார். என்னிடம் சுற்றி வளைக்கவில்லை.

“மூத்தவளக் குடுத்து நான் பட்டது போதுங்க மாப்ள. கைப்புள்ளையோட வந்து ஊட்ல உக்காந்திருக்கறா. சின்னவளையும் அப்புடிக் கண்ண மூடீட்டுக் குடுக்க முடியாது. பாலக்காட்டுல புத்திய அளக்கற டாக்டரு இருக்கறாராமா. அளந்து பாத்துரலாம்.”

“புத்திய எப்புடிங்க மாமா அளப்பாங்க?”

“சொசைட்டியில பாலுக்குள்ள ஒரு குழாய வுட்டுப் பாக்கறானில்ல, தண்ணி கலந்திருக்குதான்னு. அந்த மாதிரி என்னமோ இருக்கும்.”

தம்பியிடம் சொன்னேன். யோசித்தான்.

“வலிக்குங்களா அண்ணா?”

“வலிக்காது.”

“அப்பச் செரி.”

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். மலையாளத்தில் பேசினார். அது எங்களுக்குப் புரியும். குழாய் ஒன்றும் இல்லை. மேஜை மேல் ஒரு பெட்டி, சில படங்கள், ஒரு கடிகாரம், அவ்வளவுதான். வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி என்னை மூலையில் உட்காரவைத்தார். பெண்ணின் அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார்.

டாக்டர் சில எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். தம்பி, “எதுக்குங்க?” என்றான். சும்மா சொல்லு என்றார். மூன்று எண்வரை சொன்னான். அதற்கு மேல் வரவில்லை.

தெரியாத ஊரில் வழி தப்பிப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

“அங்கயே நிப்பனுங்க. அண்ணன் வருவாரு.”

அண்ணன் வரவில்லையென்றால் என்று கேட்டார்.

தம்பி ரொம்ப நேரம் யோசித்தான். “வருவாருங்க,” என்றான்.

பிறகு பெட்டியைத் திறந்து வர்ணக் கட்டைகளைக் கொட்டினார். ஒரு படத்தைக் காட்டி, இதேபோல் அடுக்கு என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினார். தம்பி நிதானமாக அடுக்கினான். படத்தில் இருந்தது போலவே வந்தது. டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தம்பி கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் எல்லாவற்றையும் கலைத்து, பெட்டியில் போட்டு மூடிவைத்துவிட்டான். வேலை முடிந்தால் மண்வெட்டியோ கயிறோ எடுத்த இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெளியில் கிடந்தால் அப்பா அடிப்பார்.

டாக்டர் நிமிர்ந்தார். செய்யவில்லையா என்றார்.

“செஞ்சாச்சுங்க.”

டாக்டர் பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். என்னவோ எழுதினார்.

எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்துவிட்டு, எழுபத்திரண்டு என்றார். தம்பியை வெளியே போகச் சொன்னார். அவன் போன பிறகுதான் எனக்கு விளக்கினார். நூறு என்பது சாதாரண ஆளுக்கு. கெட்டிக்காரர்களுக்கு நூற்றுக்கு மேலும் போகும். இது பள்ளிக்கூட மார்க் இல்லை. உன் தம்பிக்குப் பதினோரு வயதுப் பையனின் புத்தி. நான் கட்டை விஷயத்தைச் சொன்னேன். அதைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது என்றார். இருக்கலாம்.

வெளியே வந்தேன். பெண்ணின் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அதற்குள் தம்பி சொல்லியிருக்கிறான்.

“எழுபத்திரண்டாமா மாப்ள. எங்கூட்ல ஒருத்தரும் எழுபத்திரண்டு வாங்குனதில்ல. பர்ஸ்ட் கிளாஸு.”

எதிரே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீயும் பழம்பொரியும் சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அங்கேயே முகூர்த்தம் பேசியிருப்பார். ஆனால் அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

“மாமா, அது மார்க்கு இல்லீங்க.”

“பின்ன?”

டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பதினோரு வயசு என்றதையும் சொன்னேன். தம்பி பக்கத்தில்தான் இருந்தான். தின்பதை நிறுத்திவிட்டான்.

“பெயிலுங்களா அண்ணா?”

பெண்ணின் அப்பாதான் சொன்னார். “பெயிலுமில்ல, பாஸுமில்ல. நீங்க இன்னொண்ணு தின்னுங்க சின்ன மாப்ள.”

டம்ளரைக் கீழே வைத்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“குடிப்பாரான்னு அளந்தாங்களா?”

“இல்லீங்க.”

“கைய நீட்டுவாரான்னு?”

“அதெல்லாம் கேக்கலீங்க மாமா.”

“மூத்தவளக் கட்டுனவனக் கூட்டீட்டு வந்திருந்தா நூறுக்கு மேல வாங்கியிருப்பான். பத்தாவது பாஸு. பேசுனா வக்கீலாட்டம் பேசுவான்.”

பஸ் ஸ்டாண்டில் பிரியும்போது, “எம் புள்ளகிட்ட உள்ளதச் சொல்லிப்போடறேன். அவ செரின்னா செரி,” என்றார்.

கொஞ்ச நாள் ஒரு தகவலும் இல்லை. ரோட்டில் பஸ் நின்றால் தம்பி வேலையை விட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

ஒரு காலை பெண்ணின் அப்பா வந்தார். உட்காரவில்லை.

“செரிங்கறா. ஆனா தனி அடுப்பு வேணுமாமா.”

என் மனைவி உள்ளேயிருந்தே கேட்டாள். “அவர அப்பறம் ஆருங்க பாத்துக்கறது?”

“அதுக்கும் பதில் சொல்லியுட்டிருக்கறா. கட்டிக்கறது நானு, பாத்துக்கறது அவங்களான்னு.”

தம்பி கடைசிவரை என் வீட்டில்தான் இருப்பான் என்று நான் வைத்திருந்தேன். வேறு மாதிரி நினைத்துப் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை பதில் சொல்ல எனக்குத்தான் நேரமாயிற்று. சரி என்றேன்.

தையில் கல்யாணம். தோட்டத்துக்குள் ஓலைக் கூரையில் ஒரு சாளை போட்டுக் கொடுத்தோம். குடி போன பிறகு தினமும் காலையில் நான் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அடுப்பு எரிகிறதா, எருமை கறந்தாயிற்றா என்று. ஒருநாள் தம்பி மனைவி வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“சோலி இருந்தா வாங்க மாமா. பாத்துட்டுப் போறதுக்குன்னா வேண்டாங்க.”

உள்ளேயிருந்து தம்பி என்னவோ சொல்ல, அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் சொல்லி முடிக்க நேரமாயிற்று. நான் திரும்பி வந்துவிட்டேன்.