குழி விழுந்த கல்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். நாலாவது வரைக்கும்தான் படித்தேன். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்று இன்றைக்கும் தெரியாது. அதோடு வலது கை ஆள்காட்டி விரல் மடங்காது, இடது கண்ணில் பார்வை கிடையாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். விரலும் கண்ணும் எப்படிப் போயின என்பதும் இதிலேயே வரும்.

எழுத வந்தது கத்தி தீட்டுவதைப் பற்றித்தான். நான் வேலை செய்கிற தோல் மண்டியில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கத்தியைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். எப்படித் தீட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நாலு பேர் சுற்றி நின்றால் எனக்கு வாய் வராது. தீட்டிக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொள்வேன். வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிற ஒரு மண்டியில் சவ்வு வழிக்கிற வேலையில் இருந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி முடி போன ஆட்டுத் தோல் எங்களிடம் வரும். சாய்த்து நிறுத்திய மரக்கட்டையின் மேல் தோலை விரித்து, வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த நீளக் கத்தியால் உள்பக்கத்துச் சதையையும் சவ்வையும் கீழ்நோக்கி வழிக்க வேண்டும். சதை முழுதும் போக வேண்டும், தோலில் கீறல் விழக்கூடாது. ஊறின தோல் கொழுக்கட்டை மாவு மாதிரி இருக்கும். கத்தி ஒரு நூல் சாய்ந்தாலும் உள்ளே இறங்கிவிடும்.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. தோலை அறுத்துவிட்டவனை, அறுபட்ட அதே தோலால் மேஸ்திரி முகத்தில் அடிப்பார். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். முதலாளி மெட்ராஸில் இருந்தார், எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். ஈரத் தோலை இரண்டு சுற்றுச் சுழற்றி வீசினால் சவுக்கு மாதிரி வரும். அடியைவிட, அதில் இருக்கும் சுண்ணாம்புதான் மோசம்.

நான் முதல் அடி வாங்கியது ஒரு மழைக்கால மதியத்தில். தோலில் விரல் நீளத்துக்குக் கிழிசல். மேஸ்திரி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறடா," என்றார். "தொறந்துதான் வாங்கணும். தோலப் பாக்காத கண்ணு உனுக்கு எதுக்குடா?"

திறந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் ஏன் திறந்தேன் என்று புரியவில்லை. அவர் சொன்னால் எங்களுக்கு உடம்பு தானாகவே செய்துவிடும். அடி விழுந்ததும் இடது கண்ணில் கொள்ளிக்கட்டையைச் சொருகின மாதிரி இருந்தது. கத்திக்கொண்டே ஓடிப் பக்கத்துத் தொட்டியில் முகத்தை அமுக்கினேன். அது தோல் அலசுகிற தொட்டி. அதிலும் சுண்ணாம்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் என்று நினைத்து அதையே வாரி வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதே மண்டியில் வழித்த சவ்வைக் கூடையில் அள்ளிப் போகும் வேலையில் இருந்த என் பெண்சாதிதான் ஓடிவந்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு முகத்தில் ஊற்றினாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், அந்தக் கண் அவ்வளவுதான் என்றார். "இன்னொரு கண்ணுலயும் சுண்ணாம்பு பட்டுச்சுன்னா, அப்புறம் யார் கையையாவது புடிச்சிக்கிட்டுத்தான் நடக்கணும். வேற வேலை பாத்துக்கோப்பா."

வேறு வேலை எனக்கு என்ன தெரியும்? வீட்டில் கைக்குழந்தை. கட்டுத் துணியை அவிழ்த்ததும் அதே கட்டைக்குத் திரும்பினேன். இனிமேல் தோலில் கீறல் விழக்கூடாது, விழுந்தால் குருடன். வேறு எதுவும் என் மனதில் இல்லை.

கத்தி மொண்ணையாக இருந்ததால் அழுத்தினேன், அழுத்தினதால் இறங்கியது என்று நானே முடிவு கட்டினேன். அதனால் என் தீட்டுக்கல்லை ஞாயிற்றுக்கிழமைதோறும் பாறையில் மணல் போட்டுத் தேய்த்துப் பலகை மாதிரி சமமாக்கினேன். கத்தியை எனக்குப் பழக்கமான நாவிதரிடம் கொடுத்தேன். அவர் சவரக் கத்தி தீட்டுகிற மாதிரியே தட்டையாக வைத்துத் தீட்டி, என் முன்கையில் இழுத்துக் காட்டினார். மயிர் பறந்தது. "இப்போ உங்க மேஸ்திரி மீசையவே எடுக்கலாம்," என்றார்.

மறுநாள் காலையில் விரித்த முதல் தோலிலேயே கத்தி வாழைத்தண்டில் இறங்குவதைப் போல இறங்கியது. நான் அழுத்தவே இல்லை. மேஸ்திரி அறுபட்ட தோலை எடுத்துச் சுழற்றினார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பி முழங்கையால் வலது கண்ணை மறைத்துக்கொண்டேன். கால் பக்கத்துத் தோலின் ஊறாமல் விறைத்திருந்த நுனி காதைக் கிழித்தது. மறைத்ததற்காக விலாவில் உதைத்தார். ரத்தமும் சுண்ணாம்பும் கழுத்தில் வழிய, கண்ணைத் திறந்து பார்த்தேன். கை தெரிந்தது, கட்டை தெரிந்தது. அது போதும் என்று இருந்தது.

எனக்குப் பக்கத்துக் கட்டையில் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். மேஸ்திரியின் அடி அவர்மேல் விழுந்து யாரும் பார்த்ததில்லை. அவர் கத்தி தோலில் போகும்போது சத்தமே வராது. எங்கள் கத்தி சரக் சரக் என்று போகும், அவருடையது ஈரத் துணியால் தரையைத் துடைப்பது மாதிரி போகும். எல்லாரும் அவரைக் கஞ்சன் என்று கேலி செய்வார்கள். காரணம், அவருடைய கல் நடுவில் தேய்ந்து குழி விழுந்த பழங்கல். "புதுக் கல்லு வாங்க மனசு வரலியா? சாவும்போது கூடவே பொதைக்கச் சொல்லப் போறியா?" என்பார்கள். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தீட்டுவார்.

கேட்டே பார்த்தேன். "ண்ணா, எனுக்கு ஒரு கண்ணுதான் கீது. எப்டித் தீட்டறதுன்னு கொஞ்சம் சொல்லுண்ணா."

"ஒன் கண்ணு, ஒன் கத்தி. எனுக்கு இன்னா?" என்றார்.

"ஒரு தபா பாத்துக்கறேன், அவ்ளோதான்."

"பாத்தியானா இருக்கிற கண்ணும் போய்டும்."

சாப்பாட்டு வேளையில் அவர் எழுந்து போனதும், கட்டையின் கீழே அவர் வைத்திருந்த கல்லின்மேல் கை வைத்தேன். திரும்பி வந்தது எனக்குத் தெரியவில்லை, அவர் வந்தது குருட்டுப் பக்கம். கத்தியின் மரப்பிடியால் ஓங்கி என் விரல்மேல் இடித்தார். கல்லுக்கும் பிடிக்கும் நடுவில் விரல் முருங்கைக்காய் மாதிரி முறிந்தது. அவர் கல்லைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

அன்று சாயங்காலம் என் பெண்சாதி விரலுக்குப் பச்சிலை கட்டிக்கொண்டே திட்டினாள்.

"கல்லத் தொட்டதுக்கு வெரல ஒடைப்பானா? அப்டி அதுல இன்னாய்யா கீது, தங்கமா?"

"தெரியல. தடவிப் பாக்கறதுக்குள்ள அடிச்சிட்டாரு."

"நான் பாத்துட்டு வர்றேன். எனுக்கு ரெண்டு கண்ணு கீது."

மறுநாள் அவர் காலடியில் சவ்வு அள்ளக் குனிந்தவள் கல்லையும் அவர் தீட்டுவதையும் பார்த்துவிட்டாள். கூடை சுமக்கும் பொம்பிளையை யார் கவனிக்கிறார்கள்? வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "கல்லுல ஒண்ணும் இல்லய்யா. நடுவுல குழி, அவ்ளோதான். என் மூணு வெரலு அதுல படுத்துக்கும். கத்தி மொனைய அந்தக் குழிக்குள்ள ஒக்கார வெச்சு இழுக்கறான். நீ இன்னாடான்னா வாராவாரம் கல்ல மட்டப்படுத்திக்கினு கீற."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. குழியில் உட்கார்ந்து தேய்கிற முனை, அதாவது கத்தியின் கூர் விளிம்பு, தட்டையாக ஆகாது. இரண்டு பக்கமும் உருண்டு, மீன் வயிறு மாதிரி மெல்லப் புடைத்து, நுனியில் கூராக முடியும். தட்டை முனை கை சாய்ந்தால் மூலை குத்தி உள்ளே போகும். வயிறு வைத்த முனையோ தோல்மேல் அந்த வயிற்றால் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே போகும். நுனிக்குச் சதை மட்டும்தான் கிடைக்கும். கஞ்சன் என்று நாங்கள் சிரித்த குழிதான் அவர் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

என் கல்லில் இயற்கையாகக் குழி விழ வருடக்கணக்காகும். அம்மிக் குழவியைப் படுக்க வைத்து, ஈர மணல் போட்டு, அதன் உருண்டை முதுகில் கல்லைத் தேய்த்தேன். கையில் கட்டோடு தேய்த்தேன். அவளும் தேய்த்தாள். வெகுநாள் வரைக்கும் எங்கள் வீட்டுத் துவையலில் மணல் கடித்தது. "மேஸ்திரிக்கும் ஒரு உருண்ட குடுத்துட்டு வா," என்பாள்.

தீட்டும் விதம் இதுதான். கத்தியின் ஒரு பிடியைக் கட்டையில் ஊன்றி, மறு பிடியை வயிற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, குழி முனைமேல் உட்காரும்படி பிடித்து, ஒரே நீளமாக இழுக்க வேண்டும். இழுக்கும்போதே மணிக்கட்டை மெல்ல உருட்ட வேண்டும். குழந்தை தலைக்கு எண்ணெய் வைக்கிற அழுத்தம் போதும். பிறகு ஆவாரம்பட்டையில் பதம் செய்த தோல் துண்டு ஒன்றைத் தொடைமேல் மடித்துப் போட்டு, சலித்த செங்கல் தூளைத் தடவி, முனையைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். தோல் அமுங்கிக் கொடுப்பதால் வயிறு அப்படியே நிற்கும். கல் வாரத்துக்கு ஒரு தரம் போதும், தோல் தினமும் வேண்டும். வேலை முடிந்ததும் விளக்கெண்ணெய் தடவி வைக்க வேண்டும். சரியாக வந்துவிட்டதா என்று கட்டைவிரல் நகத்தில் படுக்க வைத்துப் பார்க்கலாம். நகத்தைக் கடித்தால் இன்னும் தட்டை. வழுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் மெல்லப் பிடித்தால் சரி.

இதைப் படித்துச் சாந்தமாகத் தீட்டினேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இழுப்புக்கும் மேஸ்திரியின் கழுத்தை நினைத்துக்கொண்டுதான் தீட்டினேன்.

பல மாதம் என் தோலில் கீறல் விழவில்லை. பக்கத்துக் கட்டைக்காரர் என் கத்தியின் சத்தம் அடங்கிவிட்டதைக் கவனித்தார். மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை. நான் வழித்து முடித்த தோல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். ஒருநாள் ஒன்றை உருவி எடுத்தார். விளிம்போரம் ஒரு வெட்டு. ஆட்டை உரித்தவன் போட்ட வெட்டு அது. ஓரமெல்லாம் சுண்ணாம்பில் ஊறி உப்பிப்போயிருந்தது.

"இது இன்னாடா?"

"உரிச்சவன் போட்டது, மேஸ்திரி." எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"ஒத்தக் கண்ணனுக்கு வாய் ஜாஸ்தி ஆய்டுச்சு. தொறடா அந்தக் கண்ண."

தோலைச் சுழற்றினார். ஓட இடம் இல்லை, பின்னால் கட்டை. கையில் இருந்த கத்தியை இரண்டு பிடியிலும் பிடித்து, கூர்ப்பக்கம் வெளியே இருக்க, முகத்துக்கு நேராகத் தூக்கினேன். அடிக்கத் தூக்கவில்லை, மறைக்கத் தூக்கினேன். அவர் பலமெல்லாம் சேர்த்து வீசின தோல் கத்தியில் வந்து விழுந்து இரண்டாகப் போனது. ஒரு பாதி என் தோளைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. மறுபாதி அவர் கையில் தொங்கியது. என் வலது கண் புருவத்தில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு. கண்ணுக்குள் இறங்கவில்லை.

எங்கிருந்தோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கலாம்.

"கத்தி தூக்கிட்டான்டா, அடிங்கடா அவன!"

தொட்டி கிளறும் கழிகளோடு இரண்டு பேர் வந்தார்கள். கத்தி கையில் இருந்தால் யாரையாவது கொன்றுவிடுவேன் என்று தெரிந்தது. தூர வீசினேன். குப்புற விழுந்து வலது கண்ணை முழங்கை மடிப்புக்குள் புதைத்துக்கொண்டேன். முதுகில் விழுந்தது, இடுப்பில் விழுந்தது, பின்மண்டையில் விழுந்தது. விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. மேஸ்திரி தலைமுடியைப் பிடித்து முகத்தைத் திருப்பப் பார்த்தார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது. கண்ணை மட்டும் திறக்கவில்லை.

அதற்குள் என் பெண்சாதி வந்துவிட்டாள். தலையில் இருந்த சவ்வுக் கூடையை அப்படியே அவர்கள் காலடியில் கவிழ்த்தாள். சவ்வு மிதித்தால் பாசியைவிட வழுக்கும். கழிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மேஸ்திரி தொட்டிச் சுவரில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, வழி முழுக்க அவர்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டே வெளியே கொண்டுவந்தாள். பக்கத்துக் கட்டைக்காரர் இவ்வளவுக்கும் திரும்பிப் பார்க்காமல் வழித்துக்கொண்டே இருந்தார்.

கத்தியும் கல்லும் உள்ளேயே கிடந்தன. மறுநாள் கேட்டு வாங்க அவள்தான் போனாள். இரண்டையும் எடுத்து வைத்திருந்து கொடுத்தது பக்கத்துக் கட்டைக்காரர். என் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"நல்லா குழிச்சிகீறான். யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஒன் கல்லுதான். அதுக்குக் கூலியாத்தான் வெரல ஒடச்சிட்டியே."

அவர் கல்லை அவள் கையில் வைத்தாராம். அவள் அவர் கட்டைக்குப் பக்கத்தில் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

விலா கூடியதும் பேரணாம்பட்டில் ஒரு மண்டிக்குப் போனோம். அந்த மேஸ்திரிக்கும் எங்கள் மேஸ்திரிக்கும் ஆகாது. என் முதுகைப் பார்த்ததுமே சேர்த்துக்கொண்டார். கெட்ட வார்த்தையில் திட்டுவார், சில நாள் கையால் அறைவார். தோலை எடுத்து யாரையும் அடித்ததில்லை. இங்கேதான் இன்னும் இருக்கிறேன். அதே கல்தான். குழி இப்போது ஆழமாகிவிட்டதால் விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துக் குறைத்து வைத்திருக்கிறேன். தீட்டக் கேட்டு வருகிறவர்கள் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், எடுத்துப் போய் இரண்டு நாள் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். என் குருட்டுப் பக்கமாக மட்டும் வர வேண்டாம், எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

வெளிச்சம் குறைந்துவிட்டது. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்ததில் வலது கண்ணில் நீர் கோர்க்கிறது. இதற்கு மேல் அதற்கு வேலை கொடுக்கக்கூடாது. நிறுத்துகிறேன்.

21 ஆகஸ்டு 1966, ஞாயிற்றுக்கிழமை