கோர்ட்டைச் சுற்றிக் காட்டிய கிட்டுசாமி

போன வருஷம் வரை, சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் பெல்மோர் கவுண்டி கோர்ட் வாசலில் கிட்டுசாமி வந்து நின்றுவிடுவார். டெக்சஸில் ஒரு சின்ன ஊரின் நட்டநடுவில் இருக்கிற பழைய கட்டடம் அது. கிட்டுசாமிக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம், வயது அறுபத்து மூன்று. பாலங்களுக்கு டிசைன் போட்ட இன்ஜினியர், இப்போது ரிட்டயர்டு. கழுத்தில் வாலன்டியர் அட்டை தொங்கும். கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நாலு பேரோ பத்துப் பேரோ, ஏற்ற இறக்கமில்லாத இங்கிலீஷில் ஆரம்பிப்பார்.

முதலில் இருந்த மரக் கட்டடம் தீப்பிடித்து, ஊர் நிலப் பத்திரங்களெல்லாம் சாம்பலாகிப் போயின. அந்தப் பயத்தில்தான் 1894இல் இதைக் கல்லால் கட்டினார்கள். செம்மணற்கல் சுவர், இரண்டரை அடி கனம். மாடிக்கு வார்ப்பிரும்புப் படிகள். மேலே கோர்ட் ஹால்; ஏசி இல்லாத காலம் என்பதால் மூன்று பக்கமும் ஆளைவிட உயரமான ஜன்னல்கள். பின்னால் மரக் கேலரி. கறுப்பின மக்கள் கீழே உட்காரக் கூடாதென்று அவர்களை அங்கே ஏற்றினார்கள். அதற்கு வெளிப்புறமாகத் தனிப் படி. படியை இடித்தாயிற்று. அடைத்த கதவின் தடம் மட்டும் சுவரில் இருக்கிறது. அதைக் காட்டாமல் அவர் யாரையும் அனுப்பியதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், அதே ஹாலின் முன்வரிசையில் தான் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்ல மாட்டார்.

அவர் மனைவி வள்ளி கோயிலுக்குப் போய்விட்டுத் தனியாகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு வந்த ஒருவனின் வண்டி நேருக்கு நேர் மோதியது. அங்கேயே உயிர் போய்விட்டது. ஓட்டியவன் டைலர், இருபத்திரண்டு வயசு. வழக்கில் போட்டோக்களைத் திரையில் காட்டியபோது கிட்டுசாமி அண்ணாந்துகொண்டார். பூ அச்சடித்த தகரக் கூரை. அதன் பாரம் எந்த உத்தரம் வழியாக எந்தத் தூணில் இறங்குகிறது என்று யோசித்தார். யோசிக்கிற வரைக்கும் மூச்சு விட முடிந்தது.

கடைசி நாள் அவரைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, "அவன் வாழக் கூடாது" என்றார். அவ்வளவுதான். டைலருக்குப் பதினாலு வருஷம் கொடுத்தார்கள்.

"பிளசன்டனுக்கே வந்துருங்கப்பா. அங்க இனிமே யாரு இருக்கா?" என்று பிளசன்டனில் இருக்கும் மகள் கயல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் போகவில்லை. கோர்ட்டிலேயே வாலன்டியர் வேலைக்கு அப்ளை பண்ணினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. வேறெங்கே இருந்தாலும் தலைக்குள் சத்தம். அந்தச் சுவர்களுக்குள் மட்டும் அடங்கியது.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. வந்தவர்களில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், எதுவும் கேட்காமல் பின்னாலேயே வந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் நேராக இடது பக்க இரண்டாவது பெஞ்சுக்குப் போனாள். வழக்கின்போது தினமும் அங்கே உட்கார்ந்திருந்தவள் என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. டைலரின் அம்மா, டோனா.

மற்றவர்கள் போனபிறகு அவள் சொன்னாள்: "டைலர் ஆகஸ்டில் போய்விட்டான். ஜெயிலில் நிமோனியா. உங்களைத் திட்ட வரவில்லை. கடைசியாக அவன் கையை நான் தொட்டது இந்த ரூமில்தான். அதற்கப்புறம் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அவன் உட்கார்ந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரலாமா?"

பெஞ்சுகளையும் வக்கீல் மேஜைகளையும் பிரிக்கும் கட்டைத் தடுப்பைத் தாண்டி யாரையும் விடக் கூடாது என்பது விதி. கிட்டுசாமி தடுப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

அவள் உட்கார்ந்து மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள். "நீங்கள் அன்றைக்குச் சொன்னதை அவன் மறக்கவே இல்லை. 'அவர் சொன்னது சரிதான், அம்மா' என்பான்."

கிட்டுசாமி ஜூரி பெஞ்சில் உட்கார்ந்தார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பது நெஞ்சு வரை வந்தது. வாயில் வந்தது வேறு. "அவளுக்கு ஐம்பத்தைந்து வயதுதான்."

"தெரியும். வள்ளி," என்றாள் டோனா. அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்குக் காவலாளி பூட்ட வருகிற வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

சாயங்காலம் கயலுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள். "இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட், அப்பா."

"அது தெரியுது கண்ணு. ஆனா சொன்னது நான்தானே."

அடுத்த சனிக்கிழமை அவர் போகவில்லை. ஜனவரியில் வீட்டை விற்றுவிட்டுப் பிளசன்டனுக்கு வந்துவிட்டார். கிளம்புவதற்கு முன், அன்றைக்கு நெஞ்சோடு நின்றுபோனதைச் சொல்ல டோனாவுக்கு ஒரு லெட்டர் எழுதினார். மூன்று நாள் அடித்து அடித்து எழுதியதில் நாலு வரிதான் தேறியது. புது அட்ரஸையும் கீழே எழுதித் தபாலில் போட்டார். பதில் வரவில்லை.