வார்டில் இருந்த இன்னொரு பெண்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் நர்ஸ் பயிற்சிக்குத் திருச்சிக்குப் போனேன். படிப்பு முடிந்த அன்று எங்களை வரிசையாக நிற்கவைத்து உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். நோயாளியைப் பற்றித் தெரிந்ததைக் கோர்ட் கேட்டாலொழிய வெளியில் விடக்கூடாது என்று மேட்ரன் தனியாகவும் ஒருமுறை சொன்னார். வாயை மூடிக்கொண்டிருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

சில வருஷம் கழித்துத் திருமயம் பக்கத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்தது. பர்மாவில் தொழில் செய்து திரும்பிய ஒரு பெரிய வீட்டார் கட்டிய பிரசவ ஆஸ்பத்திரி அது; மற்ற நோய்க்கும் பெண்களைச் சேர்த்துக்கொள்வோம். டாக்டரம்மா வாரத்துக்கு ஒருமுறை காரில் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான்.

ஓர் ஐப்பசியில் பெண்கள் வார்டில் கல்யாணமாகாத இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி உள்ளூர், பக்கத்துத் தெரு. டைபாய்டு. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவளைத்தான் பெரிய வீட்டு மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். இன்னொருத்தியை அவளுடைய சின்னம்மா வாடகைக் காரில் கொண்டுவந்தாள். கரு கலைந்து, உயிர் போகிற அளவுக்கு ரத்தப்போக்கு. அந்த அம்மாள் கொடுத்த பெயரும் ஊரும் பொய். காய்ச்சல் வேகத்தில் அந்தப் பெண்ணே, ஆவுடையார்கோவில் பக்கம் இன்னார் வீடு என்று என்னிடம் உளறிவிட்டாள். தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆருக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“சத்தியமெல்லாம் எதுக்கும்மா? அது என் வேலை” என்றேன்.

அவளைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்து, உடம்பு தேறியதும் அதே போல் காரில் ஏற்றி அனுப்பினேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா பெரிய வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, பேச்சோடு பேச்சாக, “உங்க ஆஸ்பத்திரியிலே கல்யாணமாகாத பொண்ணுக்கெல்லாம் கரு கலைஞ்சதுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கு” என்று சிரித்துச் சொல்லியிருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அவருக்குப் பெயரும் தெரியாது, முகமும் ஞாபகமில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாயாரான அந்த வீட்டு ஆச்சிக்கு, அந்த வார்டில் படுத்திருந்த கல்யாணமாகாத பெண் என்று ஒருத்தியைத்தான் தெரியும்.

எனக்கு ஆள் வந்தது. போனேன்.

“நர்சம்மா, நம்ம ஆஸ்பத்திரி, நம்ம சம்பளம். நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு. அவளுக்கு என்ன செஞ்சுச்சு?”

“நோயாளிங்களைப் பத்தி நான் பேசறதில்லைங்க ஆச்சி.”

“அப்ப பேசக்கூடாத சங்கதி இருக்கு?”

இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பதில்தான் என்று சொன்னேன். அவர் காதில் ‘இருக்கு’ மட்டும்தான் விழுந்தது.

மறுநாளே டைபாய்டுப் பெண்ணின் தாயார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். “என் மகளுக்கு டைபாய்டுதானே? அதை நீங்க சொல்லலாம்னு நானே சொல்றேன். அவளும் சொல்றா. எங்களுக்காக வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.” நோயாளியே அனுமதி கொடுத்த பிறகு தடை ஏது? உடனே அவரோடு கிளம்பினேன். பெரிய வீட்டுக் கூடத்தில் நின்று, இந்தப் பெண்ணுக்கு வந்தது டைபாய்டு, வேறு எதுவுமில்லை என்று உரக்கவே சொன்னேன்.

ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “அப்ப டாக்டரம்மா சொன்னது ஆரை?”

“அதை நான் சொல்ல முடியாதுங்க.”

“நேத்து பேசமாட்டேன்னீங்க. இன்னைக்கு அவுங்க ஆத்தாளோட வந்து பேசுறீங்க. இன்னொருத்தி இருந்தா பேரைச் சொல்லுங்க, நம்புறேன்.”

தாயார் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயம்தான் இருந்தது. ஒரு பெயர்தான். சொன்னால் இந்தப் பெண் பிழைப்பாள், ஆவுடையார்கோவில்காரி கிணற்றைத் தேடிப் போவாள். சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் போய், அது இந்தப் பெண் இல்லை என்று நீங்களாவது வந்து சொல்லுங்கள் என்றேன். “நான் யார் பேரையும் சொல்லலியே. இதிலே என்னை ஏன் இழுக்கறே?” என்று காரில் ஏறிவிட்டார்.

சம்பந்தம் முறிந்தது. தை பிறந்ததும் அந்தப் பெண்ணை, பெண்டாட்டி இறந்து குழந்தைகளோடு இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் தாயார் என்னைத் தெருவில் கண்டால் மண்ணை வாரித் தூற்றாத குறை.

அடுத்த வருஷம் பெரிய வீட்டுக்கு மருமகள் வந்தாள். புதுப்பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து நோயாளிகளுக்குப் பழம் கொடுக்கச் சொன்னார்கள். பழத்தட்டோடு வந்தவள் திரைக்குப் பின்னால் படுத்திருந்தவள்தான் என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும்தான். என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தவள், சட்டென்று குனிந்துகொண்டாள்.

சில நாள் கழித்துத் தலைவலி மாத்திரை கேட்டுத் தனியாக வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“நீங்க இங்கிட்டு இருந்தா எனக்குச் சோறு இறங்காது.”

“நான் சொல்லமாட்டேன்மா. இத்தனை நாள் சொன்னேனா?”

“சொல்லமாட்டீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. கோயிலுக்குப் போனாலும், சிரிச்சாலும், இந்த ஊருல ஒருத்திக்குத் தெரியும்னு இருக்கு.”

அவளுக்காக இன்னொரு பெண் என்ன ஆனாள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். கேட்கவில்லை.

மாதம் முடிவதற்குள் என்னை நிறுத்திவிட்டார்கள். ஆச்சி காரணமும் சொன்னார்: “வார்டு ரகசியம் ஊருக்குள்ள வந்ததே, அது ஒங்க பொறுப்புல இருந்தப்பத்தானே?” டாக்டரம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். காபி ஆறுகிறதா என்று டம்ளரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பாட்டில் பேசியது யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பெட்டியைக் கட்டிக்கொண்டு அரிமளம் பஸ்ஸில் ஏறினேன். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை.

அலைந்து திரிந்து பிறகு புதுக்கோட்டையில் வேறு வேலை கிடைத்தது. திருக்கோகர்ணத்தில் குடியிருந்தேன். ஒருநாள் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பெரிய பிள்ளைகள், மடியில் ஒரு கைக்குழந்தை. தலைமுடி நன்றாக வளர்ந்திருந்ததால் உடனே அடையாளம் தெரியவில்லை. அவள்தான் பேசினாள்.

“நல்லா இருக்கீங்களா நர்சம்மா?”

“இருக்கேம்மா. நீ?”

“இருக்கேன்.” கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எல்லாம் முடிஞ்சு போச்சு. இனிமே ஒண்ணும் மாறப்போறதில்ல. அது ஆருன்னு எனக்கு மட்டுமாவது சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்கணும்” என்றாள்.

முடியாது என்று தலையை ஆட்டினேன். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். “அவளுக்கு ஒரு நர்சம்மா கிடைச்சா. எனக்குக் கிடைக்கலே” என்றாள். பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். வாரேன் என்று சொல்லவில்லை.