மலை சொன்ன மறுமொழி

எங்கள் பக்கத்தில் மலை என்றால் கீரிமலைதான். அது கடற்கரை ஊர், அங்கே மலை கிடையாது. கீரிகூட அபூர்வமாகத்தான் கண்ணில் படும். ஆகவே கனடாவிலிருந்து வந்த மாமா, மருமகளுக்கு உண்மையான மலை காட்டப்போகிறேன் என்றபோது எனக்குப் பாதி நம்பிக்கைதான் இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆனால் கொழும்பில் வாடகைக்கு எடுத்து அவர் ஓட்டிவந்த வானை நம்பாமல் இருக்க முடியவில்லை. உள்ளே படுக்கை, அடுப்பு, கை கழுவத் தொட்டி எல்லாம் இருந்தன. இதுதான் மோட்டார் ஹோம் என்று மாமா பெருமையடித்தார். பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து திரிந்தது போதாதென்றா மறுபடியும் சட்டி பானையோடு வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்டார்.

அம்மாதான் வர மறுத்தார். காரணம் அண்ணை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ரியூசனுக்கென்று சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. சைக்கிளை மட்டும் சந்தியில் கண்டெடுத்தார்கள். அதன்பிறகு அம்மா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, சாதகம் காட்டிக் கேளாத சாத்திரி இல்லை. ஓர் இரவுகூட வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதும் இல்லை.

"அவன் வந்து பூட்டின கதவைக் கண்டால் என்ன நினைப்பான்?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா இரண்டு நாள் கெஞ்சினார். அன்ரி எங்கள் வீட்டில் வந்து படுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகே அம்மா வானில் ஏறினார். எனக்கு உள்ளூர எரிச்சல். படத்தில் மட்டும் பார்த்த ஓர் அண்ணையால் என் பயணம் கெடப்பார்த்ததே என்று கோபம்.

பண்டாரவளைக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருந்த மலையில் மறுநாள் காலை ஏறினோம். அப்பா நின்று நின்று என் காலில் ஒட்டிய அட்டைகளுக்கு உப்புப் போட்டார். மாமா, கனடாவில் இதைவிடப் பெரிய மலையெல்லாம் ஏறியதாகச் சொல்லிக்கொண்டே மூச்சு வாங்கினார். அம்மா மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போனார்.

உச்சியில் மாமா வாயருகே கையைக் குவித்து "ஓய்" என்றார். எதிர்மலையும் "ஓய்" என்றது. நான் திடுக்கிட்டுப்போனேன். எங்கள் ஊரில் எவ்வளவு கத்தினாலும் சத்தம் பனங்காணியைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வராது. எதிரொலி என்று அப்பா விளக்கம் சொன்னார். அங்கே ஒரு மலைக்காரன் இருக்கிறான், கூப்பிட்டால் மறுமொழி சொல்வான் என்றார் மாமா. எனக்கு மாமாவின் விளக்கம்தான் பிடித்தது.

அப்பாவும் மாமாவும் ஒதுக்குப்புறமாக இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நேரம், நானே மலைக்காரனாகிவிடலாம் என்று ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா பள்ளத்தைப் பார்த்து நின்று, "குஞ்சு" என்று கூப்பிட்டார். எங்கள் வீட்டில் குஞ்சு நான்தான். எனக்கு முன்னால் அந்தச் செல்லப்பெயர் அண்ணையுடையதாக இருந்ததென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. என்னைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். மலை "குஞ்சு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. அம்மா மறுபடியும் கூப்பிட்டார். நான் கையைக் குவித்து, குரலைத் தடிப்பாக்கி, "வாறன் அம்மா" என்றேன்.

அண்ணை காணாமல் போனது குரல் உடைந்துகொண்டிருந்த வயதில். அதுவும் எனக்குத் தெரியாது. இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். பாறையைச் சுற்றி வந்தவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா என் முன்னால் குந்தினார்.

"இன்னொருக்காச் சொல்லு."

"வாறன் அம்மா" என்றேன், பயத்தில் என் சொந்தக் குரலில்.

"உப்பிடியில்லை. முந்திச் சொன்ன மாதிரி."

எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. தடித்த குரலில் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். இன்னொருக்கா என்றார். பிறகும் இன்னொருக்கா என்றார். தேடிவந்த அப்பா, "இஞ்சேரும், போதும் காணும். பிள்ளையை விடும்" என்றார். மாமா மற்றப் பக்கம் திரும்பி நின்றார். எனக்கோ அவர்கள்மேல் கோபம். அம்மா அதுவரை அவ்வளவு ஆசையாக என்னிடம் எதையும் கேட்டதில்லை.

என் நடிப்பு அத்தனை திறம் என்று நம்பிவிட்டேன். அடுத்த நாள் ஊர் திரும்பும் வழியில், யாரும் கேளாமலே, அம்மாவின் ஆசனத்துக்குப் பின்னால் நின்று அதே தடித்த குரலில் "வாறன் அம்மா" என்றேன். அம்மா திரும்பவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன்.