கட்டை நிறைகிற வரைக்கும்

பதினோராம் வகுப்பு அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடி வாந்தியெடுத்தேன். கேள்வித்தாளைப் பார்த்ததுமே வயிறு புரண்டது, கை உதறியது, தெரிந்த கணக்கெல்லாம் மறந்துபோனது. வாத்தியார் திமிர் என்றார். அம்மா பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போடவைத்தாள். அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "பெயிலானா தீப்பெட்டி ஆபீஸ்தாம்லே" என்பார். தினமும் சொல்வார், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, தங்கச்சியை வைத்துக்கொண்டே.

தங்கச்சிக்கு அப்போது பதினான்கு வயது. அறுபதுகளின் தொடக்கம் அது; பதினோராம் வகுப்புதான் அப்போது பள்ளி இறுதி வகுப்பு. என்னைப் படிக்கவைப்பதற்காக அவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்கும் கட்டை வந்துவிடும். வரிவரியாகப் பள்ளம் வைத்த மரச் சட்டம்தான் கட்டை. பள்ளத்துக்கு ஒன்றாகத் தீக்குச்சியை அடுக்கி நிரப்பவேண்டும். வாசல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் அவள் கட்டையோடு இருப்பாள், மறுபக்கம் நான் புத்தகத்தோடு.

என் கை உதறுவதைப் பேய் என்றோ திமிர் என்றோ சொல்லாதவள் அவள் ஒருத்திதான். ஒரு ஞாயிறு பழைய கேள்வித்தாளை என் முன்னால் வைத்து, தன் கட்டையில் கால்வாசி நிறைகிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்றாள். வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு அரைக் கட்டை. முழுக் கட்டைக்கு வந்தபோது, பாதியிலேயே வயிறு தானாக அடங்கிவிடுவதைக் கண்டேன். எழுதவும் ஆரம்பித்தேன்.

பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முந்தின வாரம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. புத்தகத்தை மூடிவைத்து, வளர்ந்த பயல் என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதேன்.

"பெயிலானா என்னண்ணே ஆகும்?" என்று கேட்டாள்.

"உன்னய மாதிரி ஆயிருவேன்."

சொல்லிவிட்டேன். அவள் விரல் நின்றது.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? சாப்பிடுதேன், சிரிக்கேன். அதுக்கா இம்புட்டுப் பயம்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூசுகிறது. என் பயம் தணிந்துவிட்டது. பெயிலானால் சாவு வராது, அவளுக்கு வாய்த்தது எனக்கும் வரும், அவ்வளவுதான். அது அவளுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பரீட்சைக் கூடத்தில் வயிறு புரண்டபோது மனசுக்குள் ஒரு கட்டையை எடுத்து அடுக்கத் தொடங்கினேன். கால் கட்டை நிறைவதற்குள் பேனா ஓடியது.

பேப்பரில் என் நம்பர் வந்தது. எங்கே என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள் தங்கச்சி. அப்பா தெருவுக்கே சீனி கொடுத்தார். வந்தவர்களிடமெல்லாம், "நல்லவேளை, எம்மவன் தப்பிச்சிட்டான்" என்றார். எதிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. அவள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பாஸாக்கியது இவள்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். வாயில் சீனி இருந்தது. எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அடுத்த கட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.