அக்காவுக்கு நான் பொறுக்கிய பாட்டுப்பெட்டி

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மிக்சி வாங்கினாலும் சரி, மெத்தை வாங்கினாலும் சரி, என்னைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். நான் வர முடியாவிட்டால் கடையில் நின்றபடியே போன் செய்வார்கள். எனக்கு இந்தக் கொம்பு முளைத்தது ஒன்பது வயதில். திருப்பதியில், ஒரு கடையில், பெரியவர்கள் இரண்டு பேரை எதிர்த்து நின்று அக்காவுக்குப் பாட்டுப்பெட்டி பொறுக்கிக் கொடுத்தேன். அந்தக் கதையை நான் சொல்லிச் சொல்லி, அதைக் கேட்காத ஆள் எங்கள் சபையில் கிடையாது.

ஆந்திராவில், வெதுருகுப்பத்துக்கு அப்பால் தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழ், கடைகண்ணியில் தெலுங்கு, ஜெபத்தில் வேதாகமத் தமிழ் என்று மூன்று பேச்சு. நைனாவின் தகப்பனார் வரைக்கும் யாருக்கும் சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. நைனா காலத்தில்தான் இரண்டு ஏக்கர் வந்தது, அதில் வேர்க்கடலை போட்டார், சபையில் மூப்பரும் ஆனார். அக்கா டிகிரி முடித்ததும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டால் மனுஷனுக்கு நிம்மதி. அவளோ போலீசில்தான் சேருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

விடிகாலையில் தார் ரோட்டில் ஓட்டம். வந்து குளித்துவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதிக்குப் பரீட்சை வகுப்பு. சாயங்காலம் அதே பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு திரும்புவாள். இதற்கு நடுவில் சூளூர்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு இறால் வியாபாரம். எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. "உங்க பொண்ணு ரோட்ல ஓடுதாமே?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். நைனாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு அக்காவைக் கூப்பிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். போலீஸ் ஓட்டத்தில் ஒரே ஒரு தடவை முயற்சி. தேறினால் பரீட்சை எழுதலாம், தவறினால் சூளூர்பேட்டை. அக்கா "சரி நைனா" என்றாள். அவள் வாதாடாமல் ஒத்துக்கொண்டதை என்னால்தான் நம்ப முடியவில்லை.

அந்தச் சமயத்தில் குவைத்தில் டிரைவராக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டார். டிகிரி வாங்கிய மருமகளுக்கு என்ன வேண்டும், செண்ட்டா, சேலையா, வாட்சா என்று கேட்டார். அக்கா பட்டென்று சொன்னாள். "ஓடிக்கினே கேக்கற மாதிரி சின்னதா ஒரு பாட்டுப்பெட்டி மாமா. பஸ்லயும் கேப்பேன்." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாட்டென்றால் கோயில் பாட்டைக்கூட முணுமுணுக்காத பெண்ணுக்குத் திடீரென்று இதென்ன ஆசை என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். பாட்டு இருந்தால் கால் தன்னால் ஓடும். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் விளக்கம் சொன்னேன்.

மாமா, லீவில் ஊருக்கு வந்த ஒரு கூட்டாளியிடம் பணம் கொடுத்தனுப்பி, பிடித்ததைத் திருப்பதியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நைனா, அக்கா, நான் மூன்று பேரும் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கடை. கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது சாப்பாட்டுத் தட்டைப் போல் வட்டமான சீடி ப்ளேயர், இடுப்பில் கட்ட வாரோடு. இரண்டாவது கலர் திரை வைத்துப் பளபளவென்று மின்னியது. மூன்றாவது என் சுண்டுவிரல் நீளத்தில், சட்டையில் மாட்டும் கிளிப்போடு, பார்க்கவே பரிதாபமாக ஓர் ஓரத்தில் கிடந்தது.

நைனா வேர்க்கடலைக்காரர். மண்டியில் எந்தக் கடலையையும் கையில் அள்ளிக் காதருகே குலுக்கித்தான் பார்ப்பார். உள்ளே பருப்பு கலகலவென்றால் நன்றாகக் காய்ந்த சரக்கு. சத்தமில்லை என்றால் ஈரம், பூஞ்சை பிடிக்கும், தொடவே கூடாது. கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருக்க, நைனா சீடி ப்ளேயரை எடுத்துக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே எதுவோ கலகலவென்று ஆடியது. நைனா முகத்தில் அப்படியொரு திருப்தி. அடுத்து விரல் நீளப் பெட்டியைக் குலுக்கினார். மூச்சுவிடவில்லை அது.

"இது ஈரச் சரக்கு, வேணாம்" என்று ஒதுக்கிவிட்டார்.

கடைக்காரருக்குத் தமிழ் புரியும். புரிந்தும் புரியாமல் விழித்தார். அவருக்கு அந்தக் கலர் திரையை எங்கள் தலையில் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அக்காவோ எது கொடுத்தாலும் காதில் மாட்ட ஒயர் இருந்தால் போதும் என்பதுபோல் நின்றாள். இந்த மூன்று பேரையும் நம்பினால் காரியம் கெட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நான் சீடி ப்ளேயரை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒயரைக் காதில் சொருகி, கடைக்குள்ளேயே தொம் தொம்மென்று குதித்தேன். ஒவ்வொரு குதிக்கும் பாடுகிறவருக்கு விக்கல் வந்தது. நைனா நம்பவில்லை. வாரை அவர் இடுப்புக்கு மாற்றி, ஒயரை அவர் காதிலும் மாட்டிவிட்டு, "குதி நைனா" என்றேன். சபை மூப்பர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திருப்பதி பஜாரில் இரண்டு குதி குதித்தார். குதித்து முடித்ததும் அந்தத் தட்டை அவரே அவிழ்த்து ஓரமாகத் தள்ளினார்.

கலர் திரைக்குக் கடைக்காரர் வக்காலத்துக்கு வந்தார். அதற்குப் பேட்டரி செல் வேண்டாம், கம்ப்யூட்டரில் சொருகினால் தானாகச் சார்ஜ் ஏறும் என்றார். "எங்க ஊர்ல கம்ப்யூட்டரு எங்கக்கீது?" என்றேன். பஞ்சாயத்து ஆபீசில் ஒன்று இருந்தது, வந்த நாள் முதல் அதைத் துணி போட்டு மூடித்தான் வைத்திருந்தார்கள். விரல் நீளப் பெட்டிக்கோ ஒரே ஒரு மெல்லிய செல் போதும். பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். பட்டன்கள் புடைப்பாக இருந்தன, ஓடும்போது பார்க்காமலே அழுத்தலாம். கிளிப்பை என் பாவாடையில் மாட்டிக்கொண்டு சந்து முனை வரைக்கும் ஓடித் திரும்பி வந்தேன். ஒரு விக்கல் இல்லை.

"பலே தெலிவைன பாப்ப!" என்று என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சி, கடைக்காரர் தோற்றுப்போய்ச் சிரித்தார். நைனா அந்தப் பெட்டியை இன்னொரு தடவை காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு மனசில்லாமல் வாங்கினார்.

பாட்டு ஏற்றும்போது ஒரு கூத்து நடந்தது. திருப்பதி வழக்கப்படி எந்தப் பெட்டியானாலும் அந்தக் கடையில் முதலில் ஏழுமலையான் பாட்டுத்தான் ஏற்றுவார்கள். நைனா பார்த்துச் சொல்வதற்குள் ஏறிவிட்டது. அப்புறம் தெலுங்கு சினிமாப் பாட்டு. நைனா கெஞ்சிக் கேட்டதன் பேரில் எங்கேயோ தேடிக் கடைசியில் ஒரே ஒரு ஸ்தோத்திரப் பாட்டு. ஊருக்கு வந்தபின் அழிக்கக் கம்ப்யூட்டர் ஏது? சபை மூப்பர் வீட்டில் பட்டனை அமுக்கினால் கோவிந்தன் பெயர்தான் முதலில் கேட்டது. நைனா அதைக் கையிலெடுப்பதையே விட்டுவிட்டார்.

அதுமுதல் அக்கா ஓடும்போது நான் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு சைக்கிளில் பின்னால் போவேன். தண்ணீர் பாட்டிலும் நைனாவின் வாட்சும் என் பொறுப்பு. ஏரி மதகுச் சுவரில் நாலைந்து பேர் அந்நேரத்துக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அக்கா தூரத்தில் வரும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "ஏ போலீஸு, என்னிய வந்து புடி!" என்பான் ஒருத்தன். "பேண்ட் போட்டுக்கினு எவன்கூடடீ ஓடப்போற?" என்பான் இன்னொருத்தன். எழுத முடியாததும் சொல்வார்கள். பாதி எனக்கு அர்த்தமாகாது. அக்கா காதில் ஒயரோடு, நேரே பார்த்தபடி, தபதபவென்று தாண்டிப் போவாள். எனக்குச் சிரிப்பாக வரும். மடையன்கள், யாருக்குக் கத்துகிறார்கள்? சைக்கிளை நிறுத்தி ஒருநாள் சொல்லியேவிட்டேன்.

"எவ்ளோ கத்தனாலும் அவளுக்குக் கேக்காது! காதுல பாட்டு ஓடிக்கினு கீது! நான்தான் பொறுக்கிக் குடுத்தேன்!"

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் பெடலை மிதித்தேன். பஸ்ஸிலும் அப்படித்தான். எப்போதாவது என்னையும் திருப்பதிக்குக் கூட்டிப் போவாள். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒயரை மாட்டுவாள், இறங்கும்போதுதான் கழற்றுவாள். பக்கத்தில் நிற்கிறவன் பெயர் கேட்டாலும் ஊர் கேட்டாலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள். பாட்டில் எப்படி மூழ்கிப் போகிறாள் பாருங்கள் என்று எனக்குப் பெருமை தாங்காது.

சித்தூர் போலீஸ் மைதானத்தில் ஓட்டம். வேலிக்கு வெளியே தகப்பன்மார்களும் அண்ணன்மார்களும் திருவிழாக் கூட்டமாக நின்றார்கள். மதில் மேல் வேலையற்றவர்கள் ஏறி உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களைப் பார்த்து விசிலடித்தார்கள். கேட்டில் நின்ற பெண் போலீஸ் அக்காவின் காதைக் காட்டி, "தீசேய்" என்றாள். அக்கா ஒயரைக் கழற்றிப் பெட்டியோடு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐயோ, என் உயிரே போய்விட்டது. இத்தனை மாதம் பாட்டைக் கேட்டு ஓடியவள், பாட்டில்லாமல் ஆறு சுற்று எப்படி ஓடுவாள்? அதிலும் மதில்மேல் இருக்கிறவன்கள் கத்துவதெல்லாம் இன்றைக்குத்தானே முதல்முதலாக அவள் காதில் விழும்? முடிந்தது, சூளூர்பேட்டைதான் என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது. அவளுக்குப் பதிலாக நானாவது கேட்கலாம், அந்தப் பலம் எப்படியாவது அவளுக்குப் போய்ச் சேரும் என்று பைத்தியக்காரத்தனமாக ஒயரை என் காதில் மாட்டிப் பட்டனை அமுக்கினேன். சத்தமில்லை. மறுபடி அமுக்கினேன். பின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே செல்லே இல்லை. சுருள் கம்பியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

செல்லை நான்தான் எங்கேயோ தவறவிட்டேன் என்று பதறி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் குனிந்து புழுதியைத் துழாவ ஆரம்பித்தேன். விசில் ஊதியதும், ஓட்டம் தொடங்கியதும் காதில்தான் விழுந்தது. முதல் இரண்டு சுற்றை நான் பார்க்கவேயில்லை. திடீரென்று தலைக்கு மேலே ஒரு கத்தல் கேட்டது.

"உடாத கண்ணு! ஓடு! ஓடிக்கினே இரு!"

நிமிர்ந்து பார்த்தால் நைனா. கோயிலில் ஜெபத்தைக்கூடத் தணிந்த குரலில் சொல்கிறவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரமாக அக்காவுக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தார். அக்கா ஏழாவதாகவோ எட்டாவதாகவோ இருந்தாள். மதில்காரன்கள் பெண்கள் தாண்டும்போதெல்லாம் ஊளையிட்டார்கள். முன்னால் போனவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்துத் தடுமாறினாள், இன்னொருத்தி அழுதுகொண்டே நின்றுவிட்டாள். அக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் தார் ரோட்டில் ஓடுவதுபோலவே, அதே தபதப, அதே நேர்ப் பார்வை. நாலாவது சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினாள். ஆறாவதில் மூன்றாவதாக வந்து கோட்டைத் தொட்டாள். குறித்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டாள் என்று அதிகாரி பெயரைப் படித்தபோது, நைனா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டு, "எம் பொண்ணு! எம் பொண்ணு சார்!" என்று அழுதார். சூளூர்பேட்டைக்கு அன்றைக்குச் சாயங்காலமே பூத்திலிருந்து பேசி, பெண் போலீசுக்குப் போகிறாள் என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

அக்கா வியர்வையோடு வெளியே வந்ததும் நான் விக்கி விக்கி, செல் தொலைந்துபோனதைச் சொன்னேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் நான் அதுவரை கேட்டேயிராத மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"போனா போது உடு பாப்பா. இனிமே இது உனுக்குத்தான், வச்சிக்க."

எனக்குக் கிடைத்த வெற்றி அவளுடையதைவிடப் பெரியது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நைனாவை நச்சரித்துப் புதுச் செல் வாங்கி, களிம்பைச் சுரண்டிவிட்டுப் போட்டு, ஏழுமலையானில் தொடங்கி ஸ்தோத்திரம் வரைக்கும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். அக்கா வெறும் காதோடு ஜன்னலோரம் தூங்கிப்போனாள். பாட்டென்றால் உயிரை விடுகிறவள் எப்படி இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தாள் என்று மட்டும் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அது புரிய எனக்கு இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று. நான் திருப்பதியில் காலேஜில் சேர்ந்து, அதே பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, பின்னாலிருந்து ஒருத்தன் பேச ஆரம்பித்தான். என் கை தானாகப் பையைத் துழாவி, சார்ஜ் தீர்ந்துபோன போனின் ஒயரை எடுத்துக் காதில் மாட்டியது. கேட்காதவள்போல் ஜன்னலைப் பார்த்தேன். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் டார்ச்சுக்கும் கடிகாரத்துக்கும் போடும் செல்தான் விற்பார்கள், அந்த மெல்லிய செல் ஒருநாளும் விற்றதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பஸ் காசுக்கு மேல் அக்கா கையில் ஒன்றும் இருந்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. கடையில் போட்டுக் கொடுத்த ஒற்றைச் செல் தீர்ந்தபின், மதகுச் சுவரைத் தாண்டிய ஒவ்வொரு காலையிலும் என் அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. பின்னால் சைக்கிளில் வந்த நான் அவளுக்குக் கேட்காது என்று கத்தியதும் சேர்த்துத்தான். கேட்டுக்கொண்டே ஓடியிருக்கிறாள், ஒருநாள்கூட வேகம் குறையவில்லை. வாட்ச் என் கையில்தானே இருந்தது, எனக்குத் தெரியாதா?